ரீலில் வெட்டுப்பட்ட மாத்திரை

பிளாட்பாரத்தில் சாமி படம் வரைந்து கிடந்த ஒருவரை ஓவியம் காப்பாற்றியது என்று சொல்கிற அந்த ரீலை எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். "அண்ணே, இது நீங்கதானே?" என்று எனக்கே எத்தனை பேர் அனுப்பியிருக்கிறீர்கள்! நான்தான். பின்னால் அழுகிற புல்லாங்குழலுக்கு மட்டும் நான் பொறுப்பில்லை.

நாற்பது நிமிடம் பேசினேன். வந்தது 58 நொடி. அதில் என் வாயிலிருந்து முழுசாக வருவது ஒரே ஒரு வாக்கியம்: "வரையலன்னா செத்துருப்பேன்." சொன்னேன், மறுக்கவில்லை. அடுத்த மூச்சிலேயே, "ஆனா படம் மட்டும் பத்தாது தம்பி, மாத்திரை வேணும், உள்ளே தாழ்ப்பாள் போட ஒரு கதவு வேணும்" என்றும் சொன்னேன். அதைக் காணோம். மாத்திரை அவ்வளவு அழகாக இல்லை போலிருக்கிறது.

அதைக்கூட விட்டிருப்பேன். கீழே ஒரு பெரிய மனிதர், "தெருதான் இவருக்குள் இருந்த கலைஞனை வெளியே கொண்டுவந்தது" என்று எழுதியிருக்கிறார். ஆயிரக்கணக்கில் லைக்.

ஐயா, தெருவுக்கு வருவதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் நான் சுவர் விளம்பர ஆர்ட்டிஸ்ட். நூலில் நீலப்பொடி தடவிச் சுண்டிக் கோடு போட்டு, நாற்பதடிச் சுவரை ஒற்றை ஆளாக ஒரே ராத்திரியில் முடித்தவன். எந்தத் தலைவருக்கு மீசை எவ்வளவு, கண்ணாடி எவ்வளவு என்று கை தானாகச் சொல்லும். ஃப்ளெக்ஸ் வந்தது, வேலை போனது. குடி வந்தது, வீடு போனது. தெரு என்னிடமிருந்து எதையும் வெளியே கொண்டுவரவில்லை. இருந்ததையும் பிடுங்கிக்கொண்டது. முதல் இரண்டு மாதம் ஒரு கோடு போடவில்லை நான். சுண்ணாம்புக்கட்டியைத் தூக்கவே கை வராது. மனச்சோர்வு என்றால் சோகமாக உட்கார்ந்து கவிதை எழுதுவது என்று நினைக்கிறீர்களா? மூத்திரம் முட்டினாலும் எழுந்து போகத் தோன்றாது. அதுதான் அது.

2012 ஆடியில் எழும்பூர் பக்கம் அட்டை விரித்தேன். ஆவணி கடைசியில் ஒரு நாள், ஏன் என்று தெரியாது, கரித்துண்டால் ஒரு வேலும் மயிலும் போட்டேன். காசு விழுந்தது. அதைவிட முக்கியம், அந்த ஆறடிக்கு ஆறடியில் யாரும் கால் வைக்கவில்லை. ஊரே மிதித்துப் போகிற ஆளைச் சுற்றி ஜனம் ஒதுங்கி நடந்தது. செங்கல் பொடி, அடுப்புக்கரி, கலர் சாக்பீஸ். காலையில் முருகன், வெள்ளிக்கிழமை வேளாங்கண்ணி மாதா. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம் கிடைத்தது. படம் எனக்குச் செய்தது இதுதான். சின்ன விஷயம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் சாமியை விட்டுவிட்டு எங்கள் வீட்டுத் திண்ணையை வரைந்தேன். பத்தரை மணிக்குள் செருப்புத் தடத்தில் அழிந்துவிட்டது. அழியாமல் இருந்தது முருகனுக்காக, எனக்காக இல்லை.

"ஓவியர் வான்கோவைப் பாருங்கள், நோய்தான் அவரை வரையவைத்தது" என்று ஒரு தம்பி பாடம் நடத்தியிருக்கிறார். பார்த்தேன் தம்பி. இப்போது படிக்க நேரமும் விளக்கும் இருக்கிறது. 1889-ல் பிரான்சில் சான் ரெமி மனநோய் மருத்துவமனையில் அவருக்குப் படுக்க ஓர் அறை, வரைய ஓர் அறை. பணமும் வண்ணமும் அனுப்பத் தம்பி தியோ. நோய் முற்றியபோது வண்ணத்தை விழுங்கினார், வரையவே விடாமல் நிறுத்திவைத்தார்கள். நோய் வரைந்ததாம்! நோய் விட்ட இடைவெளியில் வரைந்தார் அந்த மனுஷன்.

அவ்வளவு தூரம் எதற்கு, நம் சோழமண்டலம் இருக்கிறதே. 1966-ல் ஓவியர் பணிக்கர் சென்னைக்குப் பக்கத்தில் தொடங்கிய ஓவியர் கிராமம். அங்கே இருந்தவர் ஓவியர் ராமானுஜம். கறுப்பு மையில் மாளிகையும் பறக்கிற பிராணிகளுமாக அவர் வரைந்த உலகத்துக்குள் தொப்பி போட்டுக்கொண்டு அவரே நடந்துபோவார். 1973-ல் தற்கொலை செய்துகொண்டார், முப்பதுகளின் தொடக்கத்தில். படம் காப்பாற்றும் என்றால் அவரை ஏன் காப்பாற்றவில்லை? அவர் என்ன, குறைவாகவா வரைந்தார்? "அவருக்குக் கூரை இருந்ததே, அப்போ உங்க தாழ்ப்பாள் கதையும் பொய்தானே?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. படம், மாத்திரை, கதவு மூணும் சேர்ந்திருக்க வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது.

எனக்கு மூன்றும் சேர்ந்தது. வீடற்றோர் காப்பகத்திலிருந்து ஓர் அக்கா வாரம் தவறாமல் வந்து பேசுவார். ஏழு தடவை திட்டி அனுப்பினேன், எட்டாவது தடவை கூடப் போனேன். 2013 வைகாசி. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை ஓ.பி.யில் மாத்திரை எழுதினார்கள். ஆமாம், கீழ்ப்பாக்கம்தான், நீங்கள் காமெடி சீனில் சிரிப்பீர்களே அதே கீழ்ப்பாக்கம். மாத்திரை பிடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் வரையவில்லை, தூங்கினேன். மழை மேலே விழாது, யாரும் உதைத்து எழுப்ப மாட்டார்கள் என்று தெரிந்து தூங்குகிற தூக்கம். அதை ரீல் போட முடியாது.

"நல்லது நினைச்சுத்தானே போட்டாங்க, ஏன் இவ்வளவு கோபம்?" என்று இன்பாக்ஸில் ஒரு தங்கை. கோபம் அவர்கள் மேல் இல்லை தங்கச்சி. ஒருவேளை இருக்கலாம்.

தெருவில் இருந்தபோது என் பக்கத்து அட்டையில் ஒரு பெரியவர். வாட்ச்மேனாக இருந்து கண் மங்கியதும் அனுப்பப்பட்டவர். நான் குழாயடிக்குப் போனால் என் சாக்பீஸ் டப்பாவுக்குக் காவல் அவர்தான். "போய்ட்டு வா தம்பி, நான் இருக்கேன்ல" என்பார். அவருக்கு வரையத் தெரியாது, பாடத் தெரியாது. எதுவும் தெரியாது. என் படத்தைக் கடந்து போகிறவர்கள் எனக்குக் காசு போடுவார்கள், இட்லி கொடுப்பார்கள், பெயர் கேட்பார்கள். ஓரடி தள்ளி இருந்த அவரை ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. அதே பசி, அதே குளிர், என்னைவிட இருபது வயது அதிகம். 2012 அக்டோபர் கடைசியில் நீலம் புயல். பெசன்ட் நகரில் பிரதிபா காவேரி கப்பல் தரைதட்டியதைப் பார்க்க ஊரே கடற்கரையில் நின்றது. அந்த வாரம் நனைந்த அட்டையிலேயே அவர் போய்விட்டார். என் டப்பா அவர் இடுப்பு வேட்டியில் முடிந்திருந்தது. சாக்பீஸ் நனையவில்லை.

ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்று 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2013-ல் வந்த திட்டத்தில் ஆளுக்கு 50 சதுர அடி என்று கணக்குக்கூட இருந்தது. ஐந்துக்குப் பத்து. நான் போட்ட பல முருகன்கள் அதைவிடப் பெரிசு. அந்த ஐந்துக்குப் பத்தில் இடம் பிடிக்க ஓவியம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. நீங்கள்தான் எழுதுகிறீர்கள். "இவ்வளவு திறமை உள்ளவர் தெருவிலா!" என்கிறீர்கள். திறமை இல்லாதவர் என்றால் பரவாயில்லையா? பெரியவருக்கு அது சரிதானா? சொல்லுங்கள், கேட்கிறேன்.

நேற்று மறுபடி மெசேஜ் வந்தது. ரீல் நன்றாகப் போயிருக்கிறதாம், இரண்டாம் பாகம் வேண்டுமாம். "சார், அதே பிளாட்பாரத்துல, நைட் லைட்டிங்ல, ஒரு அட்டை போட்டு அஞ்சு நிமிஷம் படுத்துக் காட்டுவீங்களா? எட்டு மணிக்கு வந்தா போதும்."

எட்டு மணிக்கு மாத்திரை போட வேண்டும், போட்டால் தூக்கம் வரும், வர முடியாது என்று பதில் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது. வேறொன்றும் வரவில்லை.