ஐந்து வருடத்தில் இரண்டு பட்டம் வாங்கியவள் எழுதுகிறேன்

நேற்று அந்தப் பெண்ணின் பதிவுக்குக் கீழே நடந்ததை உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். ஸ்க்ரீன்ஷாட் போட்டு யாரையும் சந்திக்கு இழுக்கப் போவதில்லை. ஆய்வேட்டை ஒப்படைத்த சந்தோஷத்தில், உளவியலில் இளங்கலையும் முதுகலையும் ஒரே படிப்பாக ஐந்து வருடத்தில் முடிக்கிறேன் என்று நாலு வரி எழுதியிருந்தாள். அதற்குக் கீழே வந்து “ஒன்று வாங்கினால் ஒன்று இலவசமா?” என்று கேட்டவர் நன்றாகப் படித்தவர், பொறுப்பான பதவியில் இருப்பவர். அதற்குச் சிரிப்புக்குறி போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இணைந்த படிப்பில் குறைவது காத்திருப்பு. உழைப்பு குறைவதில்லை. இதை இன்று எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

தனித்தனியாகப் படித்தால் இளங்கலைக்கு நான்கு, முதுகலைக்கு இரண்டு என்று ஆறு வருடம் ஆகுமே, அந்த ஒரு வருடம் எங்கே போனது என்று கேட்கிறீர்கள், சரி. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே படிப்பின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் எண்ணுவார்கள். இளங்கலைக்குப் பொதுவாக 120 கிரெடிட். முதுகலைக்கு 30, 36 என்ற அளவில் இருக்கும். இணைந்த படிப்பில் இருக்கும் மாணவர் இளங்கலையின் கடைசி ஆண்டிலேயே முதுகலை வகுப்பில் போய் உட்கார்கிறார். அங்கே இருப்பவர்கள் எழுதும் அதே தேர்வை எழுதுகிறார், அதே கட்டுரையைச் சமர்ப்பிக்கிறார். அப்படி எடுக்கும் 9 அல்லது 12 கிரெடிட்டைப் பல இடங்களில் இரண்டு பட்டத்துக்கும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். “அப்படியென்றால் மொத்தத்தில் குறைகிறதே” என்பீர்கள். குறைவது இளங்கலையின் விருப்பப் பாடங்களில். லேசான பாடம் ஒன்றை எடுத்து மதிப்பெண் வாங்கியிருக்க வேண்டிய இடத்தில், தன்னைவிட மூத்தவர்களோடு உட்கார்ந்து கடினமான பாடத்தை எடுத்திருக்கிறாள். இதில் இலவசம் எங்கே இருக்கிறது?

இன்னொன்று. இது ஏதோ நேற்று வியாபாரத்துக்காகக் கண்டுபிடித்த ஏற்பாடு என்று அங்கே ஒருவர் எழுதியிருந்தார். வில்ஹெல்ம் வுண்ட் 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியல் ஆய்வகம் தொடங்கியதைத்தான் இந்தத் துறையின் பிறப்பு என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. அதே ஜெர்மனியில் 1941-ல் உளவியலுக்கு டிப்ளோம் என்ற பட்டம் வந்தது. சேர்ந்தால் கடைசி வரை ஒரே படிப்பு. நடுவில் ஒரு தேர்வு உண்டு, பட்டம் கிடையாது. உயர்கல்வியை ஒரே மாதிரி அமைக்க ஐரோப்பிய நாடுகள் ஒப்புக்கொண்ட பொலோன்யா அறிக்கை 1999-ல் வந்த பிறகுதான் அதை இளங்கலை, முதுகலை என்று இரண்டாகப் பிரித்தார்கள். இங்கிலாந்தில் இன்றும் நான்கு வருட ஒருங்கிணைந்த முதுகலை இருக்கிறது. ஒரே மூச்சில் படிப்பது பழைய வழக்கம். வெட்டிப் பிரித்ததுதான் பின்னால் வந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று தோழி ஒருத்தி காலையில் கேட்டாள். நானும் இப்படிப் படித்தவள்தான். முதல் வேலைக்கான நேர்காணலில், எதிரில் இருந்த பெரியவர் என் இரண்டு சான்றிதழ்களையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தேதிகள் மேல் விரலை வைத்து, இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று நகர்த்தினார். “இதுல எது உண்மையான பட்டம்மா?” என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் ஆய்வேடு அவர் கைக்கு அருகிலேயே இருந்தது. அதை அவர் திறக்கவில்லை. அந்த வேலை கிடைக்காதது எனக்கு இன்று பெரிய விஷயமில்லை. திறந்துகூடப் பார்க்காதது இன்னும் வலிக்கிறது.

அந்த ஆய்வேட்டுக்குள் என்ன இருந்தது என்று இப்போதாவது சொல்கிறேன். ஆய்வில் பங்கேற்பவர்கள் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தை நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பியது. “நீங்கள் எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்” என்ற வரி பக்கத்தின் அடியில் இருந்தது. அதை மேலே கொண்டுவரச் சொன்னார்கள். மாற்றினேன், மறுபடி காத்திருந்தேன். பிறகு வினாத்தாள்கள் வந்தன. 1 முதல் 5 வரை கட்டங்கள் இருக்கும்; சிலர் முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை “3” என்ற கட்டத்திலேயே டிக் அடித்திருந்தார்கள். வினாத்தாளில் சில கேள்விகளைத் தலைகீழாகக் கேட்டிருப்போம், அவற்றுக்கு மதிப்பெண்ணையும் தலைகீழாகப் போட வேண்டும். 5 என்றால் 1, 4 என்றால் 2. அதில் ஒரு கேள்வி தவறினால் முடிவு முழுக்கப் பொய். ராத்திரி எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தேன். எதிர்பார்த்த தொடர்பு தரவில் இல்லை. “இல்லை என்றால் இல்லை என்று எழுது” என்றார் என் வழிகாட்டி. அப்படியே எழுதினேன். அதுதான் முதுகலை. வருடத்தை எண்ணிப் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

“பதினெட்டு வயதில் ஒரு பெண்ணுக்கு என்ன தெரியும், ஐந்து வருடத்தையும் அடகு வைக்கலாமா?” என்று அக்கறையோடு ஒருவர். மருத்துவத்தில் சேரும் பிள்ளையிடம் இதை யாரும் கேட்பதில்லை. இவ்வளவுதான் இதற்கு என் பதில். மேலும், பல இடங்களில் முதுகலைப் பகுதிக்குப் போக இரண்டாம், மூன்றாம் ஆண்டில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், மதிப்பெண் சராசரி வேண்டும். வேண்டாம் என்றால் இளங்கலையோடு வெளியே வரவும் வழி வைத்திருக்கிறார்கள்.

“இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு நோயாளியைப் பார்க்க முடியுமா?” இது நியாயமான கேள்வி, இதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். முடியாது. அமெரிக்காவில் 1949-ல் போல்டர் நகரில் நடந்த மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்சி பெற வேண்டும் என்று வகுத்தது. அங்கே அந்தப் பெயரில் தொழில் செய்ய இன்றும் பொதுவாக முனைவர் பட்டமும் உரிமமும் வேண்டும். இந்தியாவில் மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சில் என்ற அரசு அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியும் பதிவும் வேண்டும். சும்மா முதுகலை முடித்துவிட்டு போர்டு மாட்டுபவர்கள் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் இளங்கலையையும் முதுகலையையும் தனித்தனியாக, நிதானமாகப் படித்தவருக்கும் இதே சட்டம்தானே? அப்புறம் ஏன் இந்தக் கேள்வி எங்களிடம் மட்டும் வருகிறது?

எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். உறுத்துவது ஐந்து வருடம் அல்ல, உளவியல். இதே இணைந்த படிப்பைப் பொறியியலில் முடித்த ஒரு பையன் போட்ட பதிவையும் பார்த்தேன். அங்கே எல்லாரும் “கெட்டிக்காரன்” என்று எழுதியிருந்தார்கள். உளவியல் என்றதும் அது பேச்சு, பொது அறிவு, மூளைக்கு வேலையில்லாத படிப்பு என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள்.

“உங்கள் ஆராய்ச்சியே பாதி தப்பு என்று நிரூபித்துவிட்டார்களே” என்று அந்த இழையில் ஒருவர் இணைப்பு கொடுத்திருந்தார். யார் நிரூபித்தார்கள் என்று படித்தாரா? 2015-ல் நூறு உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தவர்கள் உளவியலாளர்களேதான். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் அப்படி வந்தது. அதை மறைக்காமல் ‘சயன்ஸ்’ இதழில் போட்டார்கள். தன் வீட்டுக் கணக்கைத் தானே எடுத்து ஊர் நடுவில் வைத்த துறை இது. அந்தக் கணக்கைப் பார்க்கத்தான் எங்களுக்கு அத்தனை புள்ளியியல் கற்றுக்கொடுக்கிறார்கள்.

போன வருடம் உறவுக்காரர் ஒருவர், எனக்குப் பெரியப்பா முறை, இரவு நேரத்தில் கூப்பிட்டார். விசேஷ வீடுகளில் என் படிப்பைச் சொல்லிச் சிரித்தவர். “ஏம்மா, பையன் ரூமை விட்டு வெளியவே வர மாட்டேங்கிறான், சாப்பாடு வாசல்லயே இருக்கு, நீ கொஞ்சம் பேசிப் பாரேன்” என்றார். சிகிச்சை தரும் தகுதி எனக்கு இல்லை பெரியப்பா, யாரிடம் கூட்டிப் போக வேண்டும் என்று சொல்கிறேன் என்றேன். சொன்னேன். போனார்கள். பையன் இப்போது பரவாயில்லை. எனக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்ற எல்லையைக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள் சிரிக்கும் அதே ஐந்து வருடப் படிப்புதான்.

இதற்குக் கீழே வாதாட வருபவர்கள் தாராளமாக வரலாம், என்னோடு வாதாடுங்கள். அந்தப் பெண்ணை டேக் செய்யாதீர்கள். செய்தால் கமெண்ட்டை நீக்கிவிடுவேன். அடுத்த வாரம் அவளுக்கு வைவா, ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு.