எலி மாத்திரையாம்!

நேத்து கல்யாண வீட்டு முகப்புல இருந்தவுகளுக்கு நான் யாரைச் சொல்றேன்னு தெரியும். பேர் வேணாம், பங்காளியாச்சே. "எலியைத் தண்ணில போட்டுக் கண்டுபிடிச்ச மாத்திரை. பத்து நாளாகியும் கேக்கலைல்ல, தூக்கிப் போடு"ன்னு மனச்சோர்வுக்கு மாத்திரை போடுற பிள்ளைக்கு ஊர் முன்னாடி உபதேசம்.

ஐயா, பத்து நாள்ல ஏன் கேக்காதுன்னு சொன்னதே எலிதான். மாத்திரை போட்ட அன்னைக்கே செரோட்டோனின், அதாவது மூளையில நரம்புக்கு நரம்பு சேதி கடத்துற ரசாயனம், கூடுது. ஆனா அதைச் சுரக்கிற நரம்பு செல் மேலயே 5-எச்டி1ஏன்னு ஒரு ஏற்பி காவல் நிக்குது. 'கூடிப்போச்சு, நிறுத்து'ன்னு செல்லை அடக்கிடும். ரெண்டு மூணு வாரம் விடாம மருந்து போனாத்தான் அந்தக் காவல்காரன் அசருவான். 2010-ல சுண்டெலிகள்ல பார்த்தாக: காவல் அதிகமா இருந்ததுக்கு ஃபுளுவாக்ஸெடின்ங்கிற மனச்சோர்வு மாத்திரை கேக்கலை, குறைவா இருந்ததுக்குக் கேட்டுச்சு. வாரக்கணக்கு ஆகும்னா ஆகும், அவ்வளவுதான்.

எங்க ஆத்தா பதினோராம் நாள் நிறுத்திட்டாக. இதே மாதிரி ஒரு வாய் சொன்னதுதான். மூணு மாசம் கழிச்சு வெத்தலைப் பெட்டியில, பாக்குக்கு அடியில, மீதி மாத்திரை அட்டையை நான்தான் எடுத்தேன். அந்த மூணு மாசமும் ரெண்டாங்கட்டுல சுவரைப் பார்த்தே படுத்திருந்தாக. உபதேசம் பண்ணுனவுக ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை.

"எலி மனுஷன் இல்லையே?" இல்லைதான். 1977-ல வந்த, எலியைத் தண்ணில விட்டு எவ்வளவு நேரம் நீந்துதுன்னு பார்க்கிற அந்த நீச்சல் சோதனையை ஆராய்ச்சிக்காரவுகளே சந்தேகப்படுறாக. எலி அசையாம மிதக்கிறது மனசு விட்டுப்போயா, தெம்பை மிச்சம் பிடிக்கவா? அதுல மருந்து அன்னைக்கே வேலை காட்டுது, நமக்கு வாரக்கணக்காகுது. இடிக்குது, ஒத்துக்கிறேன். "மனச்சோர்வுக்குச் செரோட்டோனின் குறைவுதான் காரணம்னு உறுதியான ஆதாரம் இல்லைன்னு 2022-ல ஒரு ஆய்வு வந்துச்சே?" வந்துச்சு. வியாதி எதனால வந்துச்சுங்கிறது வேற, மாத்திரை கேக்குமாங்கிறது வேற. போதுமா?

நீங்க வருஷக்கணக்கா முழுங்குற சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் எலியைத் தாண்டி வந்ததுதான். அதை யாராவது முகப்புல வச்சு நிறுத்தச் சொன்னாகளா? மனசுன்னா மட்டும் ஊருக்கே டாக்டர் பட்டம்.

காலையில அந்தப் பிள்ளை போன் பண்ணுச்சு. "அண்ணே, இன்னைக்குப் பதிமூணாம் நாள். நிறுத்திரவா?" போடுறதோ நிறுத்துறதோ உன் டாக்டர்கிட்டக் கேளு, எங்ககிட்டக் கேக்காதேன்னேன். மத்ததைப் படைப்பு அன்னைக்கு நேர்ல பேசிக்கிறேன். வருவீகல்ல?