தீராத மர்மமாம்!

ராத்திரி சமையலறையை ஒழிக்கும்போது என் காதில் ஒரு கொலை ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நாலைந்து வருடப் பழக்கம். "படுக்கப் போற நேரத்துல எவளையோ வெட்டின கதை எதுக்குடி?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை. பதில் தெரியாமல் இயர்போனை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வேன். உள்ளூர்க் கொலை என்றால் பேப்பரைத் திருப்பிவிடுகிற ஆள் நான், வயிற்றைக் கலக்கும். கால் வைக்காத ஊரின் கொலை மட்டும் எப்படியோ கதையாகிவிடுகிறது. எனக்கே இது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

சொல்ல வந்தது அதுவல்ல. நான் கேட்கும் இந்த நிஜக் கொலைவழக்கு பாட்காஸ்ட்களில் 'தீராத மர்மம்' என்று பியானோ பின்னணியில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்களே, அந்த வார்த்தை மேல்தான் என் கோபம்.

'தி டீச்சர்ஸ் பெட்' என்ற பாட்காஸ்டைக் கேட்டிருப்பீர்கள். 2018இல் ஹெட்லி தாமஸ் என்ற ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் செய்தது. சிட்னியின் வடக்குக் கடற்கரையோரம் பேவியூ என்ற இடம். 1982 ஜனவரியில் லினெட் என்ற 33 வயதுப் பெண் காணாமல் போகிறார். வீட்டில் இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். கணவர் கிறிஸ் டாசன் ரக்பி ஆடிப் பேர் வாங்கியவர், பள்ளியில் பி.டி. மாஸ்டர். 'கொஞ்ச நாள் தனியாக இருக்க வேண்டும் என்று போயிருக்கிறாள்' என்கிறார். போலீசுக்குப் போகவே அவருக்கு ஆறு வாரம் ஆகிறது. அதற்குள் அவருடைய பள்ளி மாணவி, அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்துபோன சிறுமி, அந்த வீட்டிலேயே குடியேறியாயிற்று.

இதில் மர்மம் எங்கே இருக்கிறது? எங்கள் எதிர்வீட்டுப் பாட்டியிடம் விட்டிருந்தால் மூன்றாம் நாளே கேட்க வேண்டியதைக் கேட்டிருப்பார். அங்கே போலீஸ் கணவர் சொன்னதை எழுதிக்கொண்டு, வீட்டை விட்டுப் போன பெண் என்று முடித்துக்கொண்டது. 2001, 2003 என்று இரண்டு மரண விசாரணைகள் நடந்தன. இரண்டிலும் கொலை வழக்குப் போடலாம் என்றே பரிந்துரை வந்தது. ஆதாரம் போதாது என்று அரசு வழக்குத் தொடரும் அலுவலகம் கையை விரித்தது. லினெட்டைப் பெற்ற தாய் பதில் தெரியாமலே போய்ச் சேர்ந்தார். இதற்குப் பெயர் மர்மமா, அலட்சியமா?

பாட்காஸ்ட்தான் கொலைகாரனைப் பிடித்தது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. போலீஸ் 2015இலேயே கோப்பைத் திரும்பத் திறந்திருந்தது. ஆனால் இத்தனை கோடி காதுகள் கேட்டதால் வாய் மூடியிருந்த பலர் பேச முன்வந்தார்கள், அதை மறுக்க முடியாது. 2018 டிசம்பரில் கைது. அப்புறம்தான் வினை. அதே நிகழ்ச்சியைக் காட்டி, இனி நியாயமான விசாரணைக்கு வழியே இல்லை, வழக்கையே கைவிட வேண்டும் என்று டாசன் தரப்பு நீதிமன்றம் போனது. கைவிடவில்லை, ஆனால் ஒன்பது மாதம் நிறுத்திவைத்தார்கள். கடைசியில் ஜூரியே இல்லாமல் நீதிபதி தனியாக விசாரித்து, 2022 ஆகஸ்டில் குற்றவாளி என்றார். 24 வருடத் தண்டனை. நாங்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே கேட்ட எபிசோடுகளே அந்த ஆளைத் தப்பவைத்திருக்கும் போல. மயிரிழைதான்.

'சீரியல்' என்ற அமெரிக்க பாட்காஸ்ட் வேறு ரகம். பால்டிமோரில் 1999இல் கொல்லப்பட்ட ஹே மின் லீ என்ற பள்ளி மாணவியின் கதை என்றுதான் கேட்க ஆரம்பித்தேன். முடிக்கும்போது அந்தக் கொலைக்காகச் சிறையில் இருந்த அட்னான் சையதின் குரல் மட்டும்தான் மனதில் இருந்தது. அவர் செய்தாரா இல்லையா என்று தோழிகளோடு மாதக்கணக்கில் பட்டிமன்றம். அந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும், என்ன ஆக நினைத்தாள்? எங்களில் ஒருத்திக்கும் சொல்லத் தெரியவில்லை. 2022இல் அவள் தம்பி நீதிமன்றத்தில், எனக்கு இது பாட்காஸ்ட் இல்லை, வாழ்க்கை என்ற பொருளில் பேசியதைப் படித்தபோது, அந்தப் பட்டிமன்றத்தில் நான் அடித்த ஜோக் ஒன்று ஞாபகம் வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன்.

நிறுத்திவிட்டேனா? இல்லை. நடுவே மெத்தை விளம்பரம் வரும் நிகழ்ச்சிகளை மட்டும் விட்டுவிட்டேன். கழுத்து நெரிபட்ட கதையிலிருந்து 'நிம்மதியான உறக்கத்துக்கு' என்று தாவுவதை என்னால் தாங்க முடியவில்லை. இப்போதெல்லாம் முதல் எபிசோடில் ஒன்றை மட்டும் கவனிக்கிறேன்: முதலில் யார் பெயர் வருகிறது, செத்தவள் பெயரா, சந்தேகப்பட்டவன் பெயரா?

'டீச்சர்ஸ் பெட்' என்ற தலைப்பே பாருங்கள். வாத்தியாரின் செல்லப் பிள்ளை. அது லினெட் இல்லை, அந்த மாணவி. அவளும் அந்த ஆளிடம் சீரழிந்த சிறுமிதான், அதற்காக 2023இல் டாசனுக்குத் தனியாகத் தண்டனையும் கிடைத்தது. அப்படிப்பட்டவளுக்குச் செல்லப் பிள்ளை என்று பட்டம்!

லினெட்டின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. தீர்ப்பு வந்த அன்று அவருடைய சகோதரர் வெளியே வந்து ஒன்று கேட்டுக்கொண்டார். இனி என் சகோதரியை டாசன் என்று சொல்லாதீர்கள், லினெட் ஜாய் சிம்ஸ் என்று சொல்லுங்கள் என்றார். மேலே முதல் தடவை எழுதும்போது நானும் பழக்கதோஷத்தில் லினெட் டாசன் என்றுதான் எழுதியிருந்தேன். அழித்தேன்.