ஸில்லோ காட்டும் தொகை வீட்டின் விலை அல்ல

"ஸில்லோவில் வரும் ஸெஸ்டிமேட்தான் வீட்டின் சரியான மதிப்பு, அதற்குக் கீழே விற்காதீர்கள்" என்று அமெரிக்காவில் வீடு வைத்திருப்பவர்களிடையே ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஸில்லோ, வீடுகளின் விவரங்களையும் விலைகளையும் காட்டும் அமெரிக்க இணையதளம். ஸெஸ்டிமேட் என்பது ஒரு வீட்டின் விலைக்கு அங்கே கணினி போடும் உத்தேசக் கணக்கு. முறையான மதிப்பீட்டுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஸில்லோவே சொல்கிறது. 2016-இல் அதன் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்பென்சர் ராஸ்காஃப் சியாட்டிலில் தன் வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். மறுநாள்கூடத் தளம் சுமார் 17.5 லட்சம் என்றே காட்டியது. 2021-இல், வீடுகளை வாங்கி விற்கும் தன் தொழிலையே நிறுவனம் மூடியது. விலைகளைக் கணிப்பது எதிர்பார்த்ததைவிடக் கடினம் என்பதுதான் அது சொன்ன காரணம்.

விற்பனைக்கு வந்த வீடுகளில் ஸெஸ்டிமேட் துல்லியமாக இருக்கிறதே என்பார்கள். சரி, ஆனால் விற்பனைக்குப் போட்டதும் நீங்கள் கேட்கும் விலையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அப்புறம் நெருங்காமல் எப்படி இருக்கும்? கூரை ஒழுகுவதோ சமையலறையைப் புதுப்பித்ததோ யாரும் பதியாவிட்டால் அதற்குத் தெரியாது. டெக்சாஸில் விற்ற விலையைப் பொதுப் பதிவில் வெளியிடும் கட்டாயமே இல்லை. கணக்குக்குக் கிடைக்கும் தகவல் குறைவு என்பதால் அங்கே இன்னும் கவனம் தேவை.

விலை வைக்கும் முன், அதே பகுதியில் அண்மையில் விற்ற இதுபோன்ற வீடுகளின் விலையை முகவரிடம் கேளுங்கள். முடிந்தால் உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரை வரவழையுங்கள்.