லிங்க் இருக்கா அண்ணே?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு கலைஞர் 300 காப்பி மட்டும் போட்ட வினைல் ரெக்கார்டை, அவரைக் கேட்காமல் யாரோ இணையத்தில் ஏற்றிவிட்ட விவகாரம் உங்களுக்கே தெரியும், முழுக் கதையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. தூக்கச் சொன்னார்கள், தூக்கியாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். அதற்குப் பிறகு நம் ஆட்கள் போட்ட கமெண்ட்டுகளைப் படித்த பிறகுதான் தூக்கம் போச்சு. "மேட்டுக்குடித் திமிர்." "300 காப்பி போட்டவனுக்கு மகாராஜா நினைப்பு." "ஒளித்து வைக்கிறதுக்கு எதுக்கு இசை?"

ஒளித்து வைக்கவில்லை சாமி. அந்தக் கலைஞர் வினைல் தட்டு போட்டார், உறையில் கையாலேயே முத்திரை குத்தினார், கடையில் விலைக்கு வைத்தார். இணையத்தில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். ஏற்றாமல் இருப்பது அவர் இஷ்டம். தன் வீட்டுக் கதவை எப்போது திறப்பது என்று வீட்டுக்காரர்தானே முடிவு செய்ய வேண்டும்? வாசலில் நின்று "என்ன திமிர் பார், திறக்க மாட்டேங்கிறான்" என்று கத்துவது என்ன வகை ரசனை?

இது புதிதாக முளைத்த பிடிவாதமும் இல்லை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் என்ற டெக்னோ இசைக் கூட்டத்தினர் 90களின் தொடக்கத்திலேயே முகத்தைத் துணியால் மறைத்துக்கொண்டு வந்தவர்கள். தட்டு வெளியிடச் சொந்த லேபிள், சொந்த விநியோகம், பெரிய கம்பெனி வாசலை மிதிப்பதில்லை. 1999இல் அவர்கள் வெளியிட்ட 'நைட்ஸ் ஆஃப் தி ஜாகுவார்' என்ற பாட்டு ஐரோப்பிய கிளப்புகளில் பற்றிக்கொண்டது. உடனே சோனியின் ஜெர்மனிப் பிரிவு என்ன செய்தது தெரியுமா? இவர்கள் சம்மதம் இல்லாமலே, அதை அச்சு அசலாக வேறு ஆளை வைத்து வாசித்து விற்கக் கிளம்பியது. ரசிகர்கள் கொதித்துப்போய் மின்னஞ்சலாக எழுதிக் குவித்தார்கள். அன்றைக்கு ரசிகன் ஆக்கியவன் பக்கம் நின்றான். இன்றைக்கு ரசிகனே சோனி வேலையைப் பார்க்கிறான், அதுவும் சம்பளம் இல்லாமல்.

லண்டனில் டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசை வளர்ந்த காலத்தில் டப்பிளேட் என்று ஒன்று இருந்தது. பெரிய ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடும் ஜமைக்கா சவுண்ட் சிஸ்டக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம். அலுமினியத் தட்டின் மேல் அரக்கு மாதிரி ஒரு பூச்சு. அதில் பாட்டைச் செதுக்கிப் பதிந்து எடுத்து வந்து போடுவார்கள். சில பத்துத் தடவை ஓட்டினால் முள் பட்டுப் பட்டே சத்தம் தேய்ந்துவிடும். அன்று இரவு அந்த அறையில் இருந்தவன் கேட்டான், இல்லாதவன் கேட்கவில்லை. பலது கடைசிவரை வெளியிடப்படவே இல்லை. யாரும் செத்துப்போகவில்லையே?

"ஸ்ட்ரீமிங்கில் போட்டால் அவருக்கும்தானே காசு?" என்று ஒரு பொருளாதார மேதை. ஸ்பாட்டிஃபையில் 2024 முதல், முந்தைய 12 மாதத்தில் 1000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒரு பைசா கிடையாது. 300 தட்டு விற்றால் அடுத்த தட்டுக்கான செலவாவது கையில் நிற்கும். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

"அப்போ யாரும் எதையும் பகிரவே கூடாதா?" பகிரலாம். கேட்டுவிட்டுப் பகிரலாம். பிரிட்டிஷ் மின்னணு இசைக் கலைஞர் ஏஃபெக்ஸ் ட்வின் 1994இல் காஸ்டிக் விண்டோ என்ற பெயரில் ஒரு ஆல்பம் செய்து, சோதனைத் தட்டுகள் சிலவற்றோடு நிறுத்திவிட்டார். 20 வருஷம் கழித்து ஒரு தட்டு 13,500 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. ரசிகர்கள் லேபிளிடம் அனுமதி வாங்கி, கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அதை வாங்கி, ஆளுக்கொரு டிஜிட்டல் பிரதி எடுத்துக்கொண்டார்கள். பிறகு அதே தட்டை ஏலம் விட்டு, வந்த 46,300 டாலரில் கலைஞருக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். இதெல்லாம் நமக்கு எதற்கு, நமக்கு ரைட் கிளிக் போதும்.

சரி, நியாயமான ஒரு கேள்வியும் வந்தது. தட்டு 12 யூரோ, தபால் செலவு அதைவிட அதிகம், மேலே கஸ்டம்ஸ். சென்னையில் இருக்கிற ஒரு கல்லூரிப் பையன் எங்கே போவான்? இதற்கு என்னிடம் முழுசாகப் பதில் இல்லை. நானே அப்படி வந்தவன்தான். மதுரையில் ரெக்கார்டிங் சென்டரில், நோட்டுத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, 90 நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்கிக் கேட்டவன். ஆனால் அது வேறு. எப்படி வேறு என்று மடக்கினால் கொஞ்சம் திணறுவேன்தான். அங்கே நடந்து போக வேண்டும், இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், "இந்தப் பாட்டெல்லாம் ஒரு பாட்டா தம்பி" என்று கடைக்காரர் திட்டுவதைக் கேட்க வேண்டும். வேறுதான். விடுங்கள்.

அந்த 300 காப்பியில் ஒன்றை நான் வாங்கியது 2014இல், பெர்லினில், ஹார்ட் வாக்ஸ் என்ற ரெக்கார்டு கடையில். அப்போது கால்வாய்க் கரையோரம், உள்முற்றம் தாண்டி, சுவரெல்லாம் கிறுக்கிய படியேறிப் போக வேண்டும். கையில் காசு கம்மி. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒரு மதியம் முழுக்க நின்று, எடுத்த எட்டுத் தட்டில் ஏழு தட்டைத் திருப்பி வைத்துவிட்டு இதை மட்டும் வாங்கினேன். அன்று இரவு சாப்பாடு ஒரு பன்தான்.

இப்போது சொல்ல வேண்டாம் என்று நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் சுற்றிய அந்தக் கோப்பில் 2 நிமிஷம் 40 வினாடி வாக்கில் 'டிக், டிக்' என்று இரண்டு சத்தம் வரும். ஒரு தம்பி கமெண்ட்டில் "அந்த வினைல் சத்தம் இருக்கே, என்ன ஒரு ஃபீல்!" என்று உருகியிருந்தான். அது ஃபீல் இல்லை கண்ணா. அக்கா மகன் ஐந்து வயதில் முள்ளைத் தூக்கிப் போட்ட இடம். என் தட்டு அது. என் வீட்டு ஹாலில், என் டர்ன்டேபிளில் ஓடி, போன வருஷம் "அண்ணே, எனக்கு மட்டும் கேக்கத்தான், சத்தியமா" என்று சொன்ன ஒருவனுடைய லேப்டாப்பில் பதிவானது. குடிக்கக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டும் போனான்.

அவன் பெயரை எழுதப் போவதில்லை. ஏற்றியது அவன்தானா, அவனிடம் வாங்கிய இன்னொருவனா என்றும் கேட்கவில்லை. கொடுத்தது நான். அந்தக் கலைஞரைத் திமிர் பிடித்தவர் என்று நீங்கள் திட்டத் திட்ட, எனக்கென்னவோ நானே போய் அவரை மாட்டிவிட்டது மாதிரி இருக்கிறது. மன்னிப்புக் கேட்டு அந்த லேபிளுக்கு ஒரு மெயில் எழுதி, இரண்டு நாளாக அனுப்பாமல் வைத்திருக்கிறேன்.

நேற்று ராத்திரி இன்பாக்ஸில் அவன் வந்தான். வணக்கம் கூட இல்லை. "அண்ணே, தட்டோட மறுபக்கம், அந்த பி சைடு, யார்கிட்டயாவது லிங்க் இருக்கா?"