இது கூலர் இல்ல, குடத்துத் தண்ணிய பாயில ஊத்துற மிஷின்

மார்ச் பிறந்தா போதும். சென்னையில தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடின்னு எந்தத் தெருவுல போனாலும் கடை வாசல்ல ஏர் கூலரை வரிசை கட்டி நிறுத்திடுறாங்க. காத்து வர்றது தெரியணுமாம், முன்னாடி ஒரு கலர் ரிப்பன் பறந்துட்டு இருக்கும். "ஏசி மாதிரியே குளுகுளுன்னு இருக்கும்ணா, பில்லு ஏறவே ஏறாது." தவணை போட்டு வாங்கி, ஆட்டோவுல கட்டி எடுத்துட்டுப் போய், மூணு மாடி தூக்கி வெச்சு, நாலாம் நாள் புலம்பல்: "என்னன்னு தெரியலப்பா, உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு, துணியெல்லாம் நாறுது."

நாறாம என்ன பண்ணும்? காசிமேட்டு மீன் வாசம் வீட்டுக்குள்ள வர்ற தூரத்துல உக்காந்துக்கிட்டு, ஏற்கெனவே ஈரமா இருக்கிற காத்துல இன்னும் தண்ணிய கலக்குறீங்க.

கூலருக்குள்ள கேஸும் இல்ல, கம்ப்ரசரும் இல்ல. ஒரு ஃபேன், ஒரு குட்டி பம்ப், நனையுற பேட், அவ்வளவுதான். மண்பானை வேலைதான் அதுக்கும். தண்ணி ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கும். ஆனா ஆவியை வாங்கிக்க காத்துல இடம் இருக்கணுமே! ஐப்பசி மழையில பானைத் தண்ணி சில்லுன்னு ஆகாதுன்னு நம்ம ஆயாவுக்குத் தெரியும். கூலர் விக்கிறவருக்குத் தெரியாதாம்.

கணக்கு பாருங்க. நாக்பூர்ல மே மாச மதியம் 43 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம்னு வைங்க. ஓரளவு நல்ல தேன்கூடு பேட் போட்ட கூலர் அந்தக் காத்தை 29 டிகிரிக்கு இறக்கிடும். முழுசா 14 டிகிரி! அங்க அது சாமி. நம்ம ஊர்ல அதே மே மாசம் ராத்திரி 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். தெர்மாமீட்டர் முனையில ஈரத்துணி சுத்தி வெச்சா 26 சொச்சம் காட்டும். எந்தக் கூலரும் அதுக்குக் கீழ போகவே முடியாது. நடைமுறையில கிடைக்கிறது 2 டிகிரி. அந்த 2 டிகிரிக்கு விலையா ஈரப்பதம் 90-ஐத் தாண்டிடும், வேர்வை காயாது. வேர்வை காயலன்னா ரூம் 27-ல இருந்தாலும் 31 மாதிரிதான் இருக்கும்.

இதுல ஜன்னலை வேற இறுக்கி மூடிடுறாங்க! "குளிர் வெளிய போயிடும்ல?" அது ஏசிக்குச் சொன்ன பாடம். பத்துக்குப் பன்னிரண்டு ரூம், 80 சதவீத ஈரம். அந்த ரூம் காத்து இன்னும் எவ்வளவு தண்ணிய தாங்கும் தெரியுமா? சுமார் 200 கிராம். ஒரு டம்ளர்! அந்த ஒரு டம்ளர் கால் மணி நேரத்துக்குள்ள காத்துல ஏறிடும். மிச்ச ராத்திரி முழுக்க அது சத்தம் போடுற ஈர ஃபேன். சுவரு ஜில்லுனு ஈரம் கோத்துக்கும், பீரோ பின்னாடி பூஞ்சை, தலகாணியில ஒரு புளிச்ச வாசம். கூலரோட முதுகு ஜன்னலைப் பார்த்து இருக்கணும், எதிர்ப்பக்கம் காத்து வெளிய போக வழி இருக்கணும். ஒரே ஜன்னல் இருக்கிற வீட்டுல கதவைத் திறந்து வைங்க. முடியாதுன்னா வாங்காதீங்க.

அப்புறம் ஐஸ் கட்டி. ஐயோ, இந்த ஐஸ் கட்டி! ரெண்டு கிலோ ஐஸ் உருகி அறைச் சூட்டுக்கு வர்றதுக்குள்ள எடுக்கிற மொத்த வெப்பம், ஒரு டன் ஏசி 4 நிமிஷத்துல எடுக்கிற அளவு. நாலே நிமிஷம். அந்த ஐஸை உறைய வெச்ச ஃப்ரிட்ஜ் அதே ரூம்லதானே இருக்கு? தண்ணியில இருந்து எடுத்த சூடு, மோட்டார் தின்ன கரண்டோட சூடு, ரெண்டையும் சேர்த்துப் பின்பக்கம் வழியா உங்க மேலயே ஊதியிருக்கும். கடைசிக் கணக்குல ரூமை சூடாக்கியிருக்கீங்க. இதைவிட அநியாயம், ஏசி ஓடுற ரூம்ல கூலரையும் போடுறது. ஏசி தண்ணிய பிழிஞ்சு வெளிய சொட்டவிடுது, கூலர் உள்ள ஊத்துது. ரெண்டு பேருக்கும் சண்டை, கரண்ட் செலவு உங்களுக்கு.

தண்ணி கதைக்கு வருவோம். ராத்திரி ஒரு குடம் தண்ணி இதுக்கே போகும். லாரி வர்ற அன்னிக்கு ப்ளாஸ்டிக் குடத்தை வரிசை போட்டு, தோள்பட்டை வலிக்க மாடிக்குத் தூக்கின தண்ணி! அதனால எல்லாரும் போர் தண்ணிய ஊத்துறாங்க. கடலோர போர்ல உப்பு. தண்ணி மட்டும்தான் ஆவியாகும், உப்பு டேங்க்லயே தங்கும், நாளுக்கு நாள் கெட்டியாகும். ரெண்டு மாசத்துல பேட் வெள்ளை பூத்து முறுக்கு மாதிரி விறைச்சுக்கும். பேட்டோட மேல் பாதி காய்ஞ்சு கீழ மட்டும் நனைஞ்சிருந்தா பம்ப் திணறுதுன்னு அர்த்தம். "உம்ம்"னு சத்தம் வந்து தண்ணி ஏறலன்னா உள்ள இருக்கிற குட்டி விசிறிய உப்பு பிடிச்சிருக்கு. பிளக்கைப் பிடுங்கிட்டு பம்பைக் கழட்டி, வினிகர் கலந்த தண்ணியில அரை மணி நேரம் ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சா பெரும்பாலும் ஓடிடும். புது பம்ப் வாங்க ஓடாதீங்க. பேட்ல மட்டும் பிரஷ் வைக்காதீங்க, உதிர்ந்துடும்.

கொசுவைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க. டெங்கு கொசு இந்த மாதிரி டேங்க்லதான் குடித்தனம் பண்ணும். ஒரு வாரம், பத்து நாள்ல முட்டை கொசுவாகிடும். வாரம் ஒருக்கா தண்ணிய கொட்டினா மட்டும் போதாது. முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல சுவர்ல ஒட்டியிருக்கும், காய்ஞ்சாலும் மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். தேங்காய் நார் வெச்சுத் தேய்ச்சுக் கழுவணும்.

பிளாட்ஃபாரத்துல விக்கிற டப்பா சைஸ் "மினி ஏசி"யைப் பத்தியும் கேக்குறீங்க. டம்ளர் தண்ணி, செல்போன் சார்ஜர்ல ஓடுற விசிறி. அதுக்கு அட்டையால விசிறிக்கலாம்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். கூலர் வேலை செய்யுற நாளும் இந்த ஊர்ல இருக்கு. மேற்குக் காத்து சாயந்தரம் வரை விடாம அடிச்சு, கடல் காத்து உள்ள வராம தடுமாறுற நாள். 2003 மே 31 அன்னிக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி பதிவாச்சே, அது மாதிரி உடம்பு வறண்டு எரியுற மதியம். அப்போ பம்பைப் போடுங்க, நல்லாவே குளிரும். எப்படிக் கண்டுபிடிக்கிறது? கைக்குட்டைய நனைச்சு நல்லா பிழிஞ்சு ஃபேனுக்குக் கீழ கொடியில போடுங்க. அரை மணியில காய்ஞ்சா பம்ப் ஆன். காயலன்னா பம்ப் ஆஃப், வெறும் ஃபேனா ஓடட்டும்.

கூலருக்குக் கொடுத்த அந்தப் பத்தாயிரத்துக்கு முன்னாடி தலைக்கு மேல தொங்குற ஃபேனை ஒரு தடவை பார்த்திருக்கலாம். அஞ்சுல வெச்சும் மெதுவா சுத்துதா? கண்டென்சர் போயிருக்கும். பெரும்பாலான சீலிங் ஃபேனுக்கு 2.5 மைக்ரோஃபாரட், பழையதுல எழுதியிருக்கிற அதே அளவு வாங்குங்க, நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். மெயினை அணைச்சுட்டுக் கை வைங்க. இறக்கையோட முன் விளிம்புல அழுக்கு கம்பளி மாதிரி படிஞ்சிருக்கும், துடைங்க. தளம் தாழ்வா இருக்குன்னு ராடை வெட்டி ஃபேனைக் கூரையோட ஒட்டி மாட்டியிருந்தா காத்தே இழுக்காது. இறக்கைக்கும் தளத்துக்கும் ஒரு அடியாவது வேணும்.

மொட்டை மாடிக்கு நேர் கீழ் வீடுன்னா எதிரி காத்தே இல்ல, காங்கிரீட். பகல் பூரா குடிச்ச வெயிலை நடுராத்திரி வரை தலையில கக்கும். அதுக்கு மேல வெள்ளை அடிக்கணும், சுண்ணாம்போ கூல் ரூஃப் பெயிண்டோ, ரெண்டு கோட். ஹவுஸ் ஓனர் "மாடியில கை வைக்காதீங்க"ன்னு சொல்லுவார், வாடகையை மட்டும் ஏத்துவார். சரி, எட்டு மணிக்கு மேல வெளிய ரூமைவிடக் குளுமையா ஆனதும் டேபிள் ஃபேனை சமையல்கட்டு ஜன்னல்ல வெளிப்பக்கம் பார்த்து வைங்க. சூட்டை அது தள்ளும், கிழக்கு ஜன்னல் வழியா கடல் காத்து தானா உள்ள வரும். கொசுவலைய கழுவி மாட்டுங்க, தூசி அடைச்ச வலையில பாதிக் காத்து நின்னுடும்.

ஏற்கெனவே வாங்கிட்டவங்க, வித்தா பாதிதான் வரும். மூலையில போட்டு துணி காயப்போடப் போறீங்கன்னா முதல்ல அடியில இருக்கிற டிரெயின் மூடியைக் கழட்டி, டேங்கை லேசா சாய்ச்சுப் பிடிங்க. கடைசி அரை லிட்டர் நேரா வெச்சா வராது.