கேள்வி கேட்ட அந்த அம்மா சரியாகத்தான் கேட்டார்

இரண்டு நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றிக்கொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: இங்கே சிங்கப்பூரில் தூய எரிசக்தியைப் பற்றி ஒரு கூட்டம், கேள்வி நேரம் வந்தது. "எங்க புளோக்கு மேல இவ்ளோ சோலார் பேனல் போட்டிருக்கீங்களே, எங்க வீட்டு பில்லு மட்டும் ஏன் குறையல?" என்று மைக்கைப் பிடித்துக் கேட்டார் அந்த அம்மா. முன்வரிசை சிரித்தது. பேசிக்கொண்டிருந்தவர், "அது வேற சப்ஜெக்ட்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்தப் பத்து விநாடியை மட்டும் வெட்டி, சிரிப்புப் பொம்மை ஒட்டி, ஊர் முழுக்க அனுப்பியது நம் ஆட்கள். அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது வேற சப்ஜெக்ட் கிடையாது, அதுதான் சப்ஜெக்ட். தூய எரிசக்தி, 2050-க்குள் நிகரச் சுழியம் (வெளியிடும் கரிமமும் ஈடுகட்டும் கரிமமும் சமமாவது) என்று மேடையில் எத்தனை படம் காட்டினாலும், கடைசியில் அது ஒரு வீட்டு பில்லில்தான் வந்து இறங்கும். அந்த அம்மா நேராக அந்த இடத்தில் கை வைத்தார்.

பதிலும் பெரிய ரகசியமில்லை. அரை நிமிடம் போதும். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்குகளின் கூரைகளில் இருக்கும் தகடுகள் பெரும்பாலும் 2014-ல் தொடங்கிய சோலார்நோவா திட்டத்தில் வந்தவை. ஒரு நிறுவனம் குத்தகை முறையில் பொருத்திப் பராமரிக்கிறது. வருகிற மின்சாரம் முதலில் மின்தூக்கிக்கும், தாழ்வார விளக்குகளுக்கும், தண்ணீர் பம்புக்கும் போகிறது. மிச்சம் இருந்தால் பொதுக் கட்டமைப்புக்குள் போய்விடுகிறது. உங்கள் வீட்டு மீட்டருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. இவ்வளவுதான். இதைச் சொல்ல முடியாதவர் எதற்கு மேடையில் உட்கார்ந்தார்?

சரி, இதைச் சொன்னால் அந்த அம்மா அடுத்து என்ன கேட்டிருப்பார் தெரியுமா? "அப்படின்னா நகர மன்றத்துக்குக் கரண்ட் செலவு குறையுதுல்ல, அப்புறம் ஏன் எங்க பராமரிப்புக் கட்டணம் ஏறுச்சு?" புளோக்குகளின் பொது இடங்களைப் பராமரிக்கிற பல நகர மன்றங்களில் அது 2023-லும் ஏறியது, 2024-லும் ஏறியது. அதற்கும் பதில் இருக்கலாம். சம்பளச் செலவு, மின்தூக்கிப் பராமரிப்பு, தகடுகள் வந்த பிறகும் இரவு விளக்குக்கு வெளியிலிருந்துதான் மின்சாரம் வாங்க வேண்டியிருப்பது என்று காரணங்கள் இருக்கும். ஆனால் பதில் சொல்ல ஒருவர் வேண்டுமே. சிரித்துவிட்டால் இரண்டாவது கேள்வி வராது. வரக்கூடாது என்பதற்காகவே சில பேர் சிரிக்கிறார்களோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

என் அம்மாவுக்கு வயது எழுபதுக்கு மேல். மூவறை வீட்டில் தனியாக இருக்கிறார். மாதம் பிறந்து பில் வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். தொகையை முதலில் பார்க்க மாட்டார். அந்தப் பட்டை வரைபடம் இருக்கிறதே, போன மாதங்களில் எவ்வளவு, அக்கம்பக்கத்து வீடுகளில் சராசரி எவ்வளவு என்று காட்டுவது, அதில்தான் விரலை வைப்பார். தன் பட்டை பக்கத்து வீட்டுப் பட்டையைவிடக் குட்டையாக இருந்தால் முகத்தில் ஒரு திருப்தி. நீளமாக இருந்தால் அன்று மாலையே எனக்கு போன் வரும். "நீ வந்தப்ப ஏர்கான் போட்டேல்ல, அதான்." தேக்கா மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில், மாதக் கடைசித் தேதிக்குக் கீழே, மீட்டர் எண்ணைப் பென்சிலில் எழுதி வைத்திருப்பார். எழுதாத மாதமே கிடையாது. எரிசக்தியைப் பற்றி இந்தத் தீவில் யாருக்கு அக்கறை இல்லை என்று சொல்கிறீர்கள்?

2021 அக்டோபர் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? உலகம் முழுக்க எரிவாயு விலை எகிறியது. இங்கே திறந்த மின்சாரச் சந்தையில், அதாவது யாரிடம் மின்சாரம் வாங்குவது என்று வீட்டுக்காரரே தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், இருந்த சில்லறை விற்பனை நிறுவனங்கள் சில ஒன்றன்பின் ஒன்றாகக் கடையைக் கட்டின. மலிவாக இருக்கிறது என்று அம்மாவை அப்படி ஒரு நிறுவனத்துக்கு மாற்றி வைத்திருந்தோம். ஒருநாள் அவர்களிடமிருந்து கடிதம் வந்தது, சேவையை நிறுத்துகிறோம் என்று. அம்மா அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு மலாய்க்காரப் பெண்ணிடம் போய்ப் படிக்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு போன் செய்து கேட்டது ஒரே கேள்வி. "கரண்ட்ட வெட்டிருவாங்களா?" வெட்ட மாட்டார்கள், பழையபடி எஸ்பி குழுமத்தின் வழக்கமான மின்கட்டணத்துக்கு மாறிவிடும் என்று சொல்லி ஆறுதல்படுத்த அரைமணி நேரமாயிற்று. அன்றைக்கு அம்மாவைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அந்தக் காணொளியில் இருப்பவரும் யாரோ ஒருவருடைய அம்மாதான்.

"உலகமே சூடாகிக் கொதிக்குது, நீ பில் பில்னு பேசிக்கிட்டு இருக்கே" என்று கருத்துப் பெட்டியில் வரப்போகிறவர்களுக்கு: நான் பருவநிலை மாற்றத்தை மறுக்கிற ஆள் இல்லை. இந்தத் தீவில் கடல்மட்டம் 2100-க்குள் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று நம் அரசாங்க ஆய்வே சொல்கிறது. கரிமத்தை அதிகம் வெளியிடும் ஆலைகள்மேல் போடும் கரிம வரியை நான் எதிர்க்கவும் இல்லை. 2019-ல் டன்னுக்கு 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2024-ல் 25, 2026 தொடங்கி 45. 2030-க்குள் 50 முதல் 80 வரை போகும். போகட்டும். ஆனால் 25 வெள்ளியானபோது நாலறை வீட்டு பில்லில் மாதம் ஏறக்குறைய 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கமே கணக்குச் சொன்னதல்லவா? அதாவது இந்த வரி ஆலையோடு நிற்பதில்லை, அடுப்பங்கரை வரை வருகிறது என்று அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கரிமத்தை அதிகம் வெளியிட்டு, வெளிநாட்டோடு போட்டி போடும் பெரிய நிறுவனங்களுக்கு இடைக்காலச் சலுகையும் இருக்கிறது. தொழில் வெளியேறிவிடும், வேலை போய்விடும் என்பது காரணம். அந்தக் காரணம் எனக்குப் புரிகிறது. ஆலை முதலாளி "என் செலவு ஏறுதே" என்று கேட்டால் அது பொருளாதாரம், அந்த அம்மா அதையே கேட்டால் அது சிரிப்பா?

"யு-சேவ் கொடுக்கிறாங்களே, பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுக்கிறாங்களே" என்பவர்களுக்கும் சொல்கிறேன். ஆமாம், யு-சேவ் என்கிற பில் கழிவும், மின்சாரம் குறைவாக இழுக்கும் சாதனங்கள் வாங்கப் பற்றுச்சீட்டும் கொடுக்கிறார்கள். 2025 நிதியாண்டில் தகுதியுள்ள வீவக வீடுகளுக்கு யு-சேவ் 760 வெள்ளி வரை கிடைத்தது. பற்றுச்சீட்டில் அம்மாவுக்குப் புது ஃபிரிட்ஜ் வாங்கினோம், பில்லில் வித்தியாசம் தெரிகிறது. நன்றி சொல்ல வேண்டியதற்கு நான் நன்றி சொல்லிவிடுவேன். ஆனால் காசு வாங்கியவர் கேள்வி கேட்கக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?

"நீ எந்தக் கட்சி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம், படிச்சவங்க பாத்துக்குவாங்க" என்று சொல்கிற கூட்டம். இவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். ஏனென்றால் நான் அந்த டெக்னிக்கல் வேலையில்தான் இருக்கிறேன். மின்பணி மேற்பார்வை. வீவக கூரைகளில் சோலார் வேலை நடக்கும்போது மேலே நின்றிருக்கிறேன். காலை பத்து மணிக்கெல்லாம் அலுமினியச் சட்டத்தை வெறுங்கையால் தொட முடியாது. ஹார்னெஸ் மாட்டிக்கொண்டு, குனிந்தபடியே வரிசை வரிசையாகத் தகடுகளைப் பொருத்திக்கொண்டு போவார்கள் புதுக்கோட்டை, சிவகங்கை, மன்னார்குடிப் பையன்கள். கறுப்பு கேபிளின் இரண்டு முனைகளையும் சேர்த்து அழுத்தினால் 'டக்'கென்று ஒரு சத்தம் வரும். அது வராவிட்டால் இணைப்பு சரியில்லை, சூடேறித் தீப்பிடிக்கும். அந்தச் சத்தத்துக்காகக் காதைக் கொடுத்து வேலை செய்வார்கள். வெயில் கூடினால் கடுமையான வேலைக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது ஓய்வு தர வேண்டும் என்று 2023-லிருந்து விதி இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்த ஒரு தம்பி என்னிடம் கேட்டான்: "அண்ணே, நாம போடுற இந்தக் கரண்டு எங்கண்ணே போகுது?"

அந்த அம்மா கேட்ட அதே கேள்வி. அவனை நான் கீழே சுவிட்ச் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய், இது மின்தூக்கிக்குப் போகிற லைன், இது பம்புக்கு, இது வெளியே போகிறது என்று கையால் தொட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டான். அடுத்த நாள் இன்னொரு பையனுக்கு அவனே விளக்கிக்கொண்டிருந்தான். விளக்கினால் புரியாத ஆள் கிடையாது. விளக்க மனசில்லாத ஆள்தான் உண்டு.

படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றால், இனி வரப்போகிற முடிவுகளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இன்றைக்கும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வருகிறது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021-ல் மிதக்கவிட்டார்களே, 1,22,000 தகடுகள், அதையெல்லாம் சேர்த்தாலும் சூரிய சக்தி இங்கே சின்னப் பங்குதான். 2030-க்குள் 2 கிகாவாட் என்று வைத்த இலக்கே அப்போதைய தேவையில் 3 விழுக்காட்டைத்தான் தொடும் என்று கணக்கிட்டார்கள். இடம் இல்லை. அதனால் வெளியிலிருந்து வாங்குகிறோம். லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக 2022-லேயே வரத் தொடங்கிவிட்டது. 2035-க்குள் 6 கிகாவாட் இறக்குமதி என்று இலக்கை உயர்த்தியிருக்கிறார்கள். இந்தோனேசியா, கம்போடியா, வியட்நாம், ஆஸ்திரேலியா என்று நிபந்தனை ஒப்புதல்கள் கொடுத்தாயிற்று. கடலுக்கடியில் கேபிள் போட வேண்டும். எதிர்கால எரிசக்தி நிதிக்கு 2024-ல் 5 பில்லியன் வெள்ளி, 2025-ல் இன்னொரு 5 பில்லியன். அணுசக்தி நமக்கு ஒத்துவராது என்று 2012-ல் சொன்னார்கள். இப்போது சிறிய அணு உலைகளைப் பற்றி மறுபடி ஆராய்கிறார்கள், 2024-ல் அமெரிக்காவோடு உடன்பாடும் கையெழுத்தானது.

இதில் எதையும் நான் தப்பென்று சொல்லவில்லை. எரிவாயுவை மட்டுமே நம்பியிருந்தால் என்னவாகும் என்று 2021-ல் பார்த்தோம். ஆனால் இத்தனை பெரிய செலவு, பேரன் பேத்தி காலம் வரை நீளுகிற முடிவுகள். நாளைக்கே அணு உலை வேண்டுமா வேண்டாமா என்று மக்களிடம் கருத்துக் கேட்க வந்தால், கூரையில் இருக்கிற தகட்டைப் பற்றிக் கேட்டதற்கே சிரிப்பு வாங்கிய அந்த அம்மா வாயைத் திறப்பாரா? நம் தமிழ்ப் பெரியவர்களில் எத்தனை பேர் கையைத் தூக்குவார்கள்? அன்றைக்குக் கூட்டத்தில் இருந்தவர்களில் பாதிப்பேருக்கு அதே கேள்வி மனசுக்குள் இருந்திருக்கும். இனி கேட்க மாட்டார்கள். "தமிழ் ஆளுங்க கருத்தரங்குக்கு வரதில்ல" என்று பிறகு நாமே புலம்புவோம்.

கோபத்தில் நீட்டிக்கொண்டே போகிறேன், தெரிகிறது. ஆனால் வெறுமனே கத்திவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஒவ்வொரு புளோக்கிலும் மின்தூக்கிக் கூடத்தில் அறிவிப்புப் பலகை இருக்கிறது. டெங்கிக் கொசு, புறா, சைக்கிள் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் அதில் தாள் ஒட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை இன்னொரு தாளும் ஒட்டட்டும். இந்த புளோக்கின் கூரையில் இந்த மாதம் இத்தனை யூனிட் கிடைத்தது, மின்தூக்கிக்கும் பம்புக்கும் விளக்குக்கும் இவ்வளவு போனது, வெளியே இவ்வளவு போனது, நகர மன்றத்துக்கு இத்தனை வெள்ளி மிச்சம். எவ்வளவு கிடைத்தது என்பது தகடுகளோடு இணைந்த இன்வெர்ட்டர் கருவியிலும், எவ்வளவு வெளியே போனது என்பது மீட்டரிலும் ஏற்கெனவே பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நான்கு மொழியிலும் ஒட்டட்டும். தமிழ்த் தாளை எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், ஒரு காசு வேண்டாம். எங்கள் நகர மன்றத்துக்கு இன்று காலையே மின்னஞ்சல் போட்டுவிட்டேன். உங்கள் வட்டாரத்திலும் போட விரும்புகிறவர்கள் கருத்துப் பெட்டியில் சொல்லுங்கள், கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன், புளோக் எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.